கட்டி கரைஞ்சாச்சு... கால் என்ன ஆச்சு?

பி.காம் படிக்கிறவனுக்கு நுரையீரலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் கடைசியில் தேய்மானக் கணக்கில்தான் வந்து நிற்கும் :-)

பல்மனரி எம்பாலிசம். கொரோனா காலத்தில் பலர் முதல்முறையாகக் கேள்விப்பட்ட பெயர். பெரும்பாலும் காலில், ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ஒரு கட்டி உறைகிறது. அது பிய்த்துக்கொண்டு இதயம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைக்கிறது. உயிருக்கே ஆபத்து. பிழைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் குறைந்தது 3 மாதம் மாத்திரை. இதெல்லாம் டாக்டர்கள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள்.

என் சண்டை அதற்குப் பிறகு நடப்பதோடுதான்.

எங்கள் பிள்ளைச்சாவடியில் தெரிந்த அக்கா ஒருவருக்கு இது வந்து போனது. ஸ்கேனில் கட்டி இல்லை. இதயமும் சரியாக இருக்கிறதாம். ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். "இன்னும் நுரையீரல் சரியாகலை போல" என்று ஊரே சொல்கிறது. சொல்லிவிட்டு, "நீ எழுந்திருக்காதேம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று மறுபடி கட்டிலில் படுக்க வைக்கிறது. தண்ணீர் சொம்புகூடக் கைக்கே வந்துவிடும். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அன்புதான் இப்போது பிரச்சினை.

2017-ல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்று, முதல்முறை இந்த நோய் வந்த 100 பேரைச் சேர்த்து ஓராண்டு பின்தொடர்ந்தது. ஓராண்டு கழித்தும் பாதிக்குச் சற்றே குறைவானவர்களுக்கு உடலை வருத்தி வேலை செய்யும் திறன் குறைந்தே இருந்தது. நுரையீரலில் மிச்சம் இருக்கும் கட்டிதான் காரணம் என்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உடல் உழைப்புப் பழக்கம் விட்டுப்போனதுதான் முக்கியக் காரணம் என்று அந்த டாக்டர்கள் கை காட்டினார்கள்.

படுத்தால் அவ்வளவு போய்விடுமா என்கிறீர்களா? 2007-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால் தசையில் கிட்டத்தட்ட 1 கிலோ காணாமல் போனது. நோயே இல்லாதவர்களுக்கு இந்த கதி! தசை மெலிந்தால் கிடைக்கிற ஆக்சிஜனைச் சரியாகப் பயன்படுத்த முடியாது. கொஞ்சம் வேலைக்கே மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் பயம். பயந்தால் மறுபடி கட்டில். சுற்றிச் சுற்றி அதே செக்குமாடு வட்டம்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிற பம்ப், நம் கெண்டைக்கால் தசைதான். அது சும்மா கிடந்தால் ரத்தம் தேங்கும். தேங்கினால் அடுத்த கட்டிக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்த மாதிரி.

"நடந்தால் கட்டி பிய்த்துக்கொண்டு போகாதா?" நியாயமான பயம். முன்பு டாக்டர்களே அப்படி நினைத்துத்தான் காலில் கட்டி வந்தவர்களைப் படுக்க வைத்தார்கள். மருந்து தொடங்கியபின் சீக்கிரம் நடந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லிவிட்டன.

செரீனா வில்லியம்ஸுக்கு 2011-ல் இதே நோய் வந்தது. 2012-ல் விம்பிள்டனும் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். 2017-ல் குழந்தை பிறந்தபின் மறுபடி வந்து, 6 வாரம் படுக்கையில் கிடந்தார். 2018 விம்பிள்டனில் இறுதிப் போட்டி வரை வந்தார். அவருக்குப் பயிற்சி தர ஒரு படையே உண்டு. நம் அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்?

என் கேள்வி இதுதான். ஐ.சி.யூ.வுக்குச் செலவு செய்கிறோம், ஸ்கேனுக்குச் செய்கிறோம். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை பெயர் வரிசையாக இருக்கிறது. "எத்தனை நிமிடம் நடக்கணும், எப்போது கூட்டணும், எப்போது நிறுத்தணும்" என்று ஒரு வரி ஏன் இருக்கக்கூடாது? ஒரு பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் போதுமே. நார்வேயில் மூச்சிரைப்பு மிச்சம் இருந்தவர்களுக்கு 8 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி இல்லாதவர்களைவிட அவர்களால் கூடுதல் தூரம் நடக்க முடிந்தது. 2023-ல் வெளியான முடிவு இது. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகி, இதயத்துக்கே பாரமாகும். அதனால்தான் 3 முதல் 6 மாதத்துக்குள் ஒருமுறை முழுதாகப் பரிசோதிக்கணும் என்கிறது 2019-ன் ஐரோப்பிய வழிகாட்டுதல். முதலில் அதைப் பார்த்துவிட்டு, டாக்டர் சரி என்றதும் நடை. ஈ.சி.ஆர். ரோட்டில் பஸ்களுக்கு நடுவே வேண்டாம், வீட்டு வாசலிலேயே தொடங்கலாம்.

இப்போது தேய்மானக் கணக்கு. உற்பத்தி அலகு முறையில் மெஷின் ஓடினால்தான் தேயும், சும்மா இருந்தால் தேய்மானம் பூஜ்யம். தசை இதற்கு நேர் எதிர். ஓட்டாமல் விட்டால்தான் தேயும். அந்த அக்கா சொம்பை எடுக்கத் தானே எழுந்தால், தயவுசெய்து யாரும் தடுக்காதீர்கள். கூடவே நடந்து போங்கள், போதும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. தவறு இருந்தால் மருத்துவம் படிக்கும் நண்பர்கள் பின்னூட்டத்தில் திருத்தலாம். திட்டுவதென்றாலும் திட்டலாம் :-)