சிறு மீன்தொட்டிக்கு ஏற்ற வடிகட்டி

இல்லத்தில் சிறியதொரு மீன்தொட்டி வைக்க விரும்பும் அன்பர்களுக்காக, பட்டாபிராமில் நம் வீட்டில் நேர்ந்த ஓர் இழப்பை இத்திங்கள் எழுதுகிறோம்.

நம் இளைய மகனின் விருப்பப்படி 20 லிட்டர் கண்ணாடித் தொட்டியும் நீல நிறப் பைட்டர் மீன் ஒன்றும் வாங்கினோம். கடையில் தந்த வடிகட்டி மோட்டார் பொருத்தியது. பெரிய தொட்டிக்கு உரியது. வேகம் மிகுந்தால் தூய்மையும் மிகும் என்று நாமும் எண்ணிவிட்டோம். நீண்ட துடுப்புகளையுடைய அம்மீன் பகலெல்லாம் ஓட்டத்தை எதிர்த்துத் தளர்ந்தது. பத்தாம் நாள் காலை, வடிகட்டியின் உறிஞ்சு வாயில் வால் சிக்கி இறந்து கிடந்தது. அன்று சிறுவன் உணவைத் தொடவில்லை. பிழை நம்முடையது என்று அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது.

பைட்டர் மீன், தாய்லாந்து போன்ற நாடுகளின் நெல்வயல்களிலும் தேங்கிய நீரிலும் வாழும் இனம். நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. ஆண்மீன் நீரின்மேல் குமிழிகளால் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். விரைந்தோடும் நீர் அதன் இயல்புக்கு ஒவ்வாது.

பின்னர் மின்தொடர் வண்டியில் வில்லிவாக்கம் சென்று, அங்கிருந்து கொளத்தூரை அடைந்தோம். வண்ணமீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. மெல்லிய குஞ்சுகள் திரியும் தொட்டிகளில் அவர்கள் இட்டிருந்தது எளிய ஸ்பாஞ்சு வடிகட்டியே! அதில் மோட்டார் இல்லை. சிறு காற்றுப் பம்பு ஒன்று குழாய்க்குள் குமிழிகளை எழுப்ப, அவற்றோடு நீரும் மேலேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஸ்பாஞ்சின் வழியே நீர் மெதுவாக உள்ளே வருகிறது. குஞ்சுகூட அதில் சிக்காது. குமிழி மிகுந்தால் காற்றுக் குழாயில் ஒரு திருகு பொருத்திக் குறைத்துக்கொள்ளலாம்.

அழுக்கைப் பிடிப்பது மட்டுமன்று ஸ்பாஞ்சின் வேலை. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சாகும். ஸ்பாஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை இரையைக் குறைத்து, நீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி மாற்றுதல் வேண்டும். இதை அறியாதோர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவிவிடுகின்றனர். குளோரின் கலந்த நீர் அந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் வைத்து, அதில் இரண்டொரு முறை பிழிந்தாற் போதும். நம் இல்லத்தில் இது இப்போது மகனின் ஞாயிறு வேலை. இரண்டாம் மீன், தொட்டியின் மூலையில் குமிழிக் கூடு கட்டியிருக்கிறது.

இன்னொன்று: காற்றுப் பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் நலம். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே இறங்கிப் பம்பையும் கெடுத்து, தரையையும் நனைத்துவிடும். மேலே வைக்க இடமில்லாதோர், நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் சிறு வால்வு ஒன்றைக் குழாயின் இடையே பொருத்திக்கொள்ளலாம்.