ளுல்மு என்னும் சொல்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே, ரமணாசிரமத்தின் வாயிலைக் கடந்து நடந்துகொண்டிருந்தோம். உடன் வந்த பெரியவர், 1924 ஜூன் 26ஆம் நாள் இரவில் அங்கே நடந்த கொள்ளையைப் பற்றிச் சொன்னார். பெருஞ்செல்வம் இருக்குமென்று எண்ணி வந்த திருடர்கள் ரமணரையும் உடனிருந்தோரையும் அடித்தனர். அவர்களுக்குக் கிட்டியதோ அற்பம். "எப்பேர்ப்பட்ட ஜுலும், பார்த்தீர்களா ஹஜ்ரத்!" என்றார். ஐயமில்லை, ஜுலும்தான். ஆனால் பத்தடி நடப்பதற்குள், தம் மகனுக்குப் பேசி முடித்துள்ள கைக்கூலித் தொகையை மகிழ்ச்சி பொங்கக் கூறினார். அதற்கும் அச்சொல்லே பெயர் என்பதுதான் நம் வாதம்.

வட ஆர்க்காட்டு உருது நாவு 'ஜுலும்' என்னும். மதரஸாவில் ஓதிய நாம் 'ளுல்மு' என்போம். வேர் ஒன்றே. கி.பி. 1004இல் மறைந்த மொழியறிஞர் இப்னு பாரிஸ் அவ்வேருக்கு இரு பொருள் தருகிறார். ஒன்று, ஒளிக்கு மாறான இருள். மற்றொன்று, வரம்பு மீறி ஒன்றை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தல். பண்டை அரபிகள் இச்சொல்லை ஆண்ட விதம் சுவையானது. தோண்டத் தகாத இடத்தில் நிலத்தைத் தோண்டினால், நிலத்துக்கு ளுல்மு செய்தான் என்பர். தோற்பையிலுள்ள பாலை, வெண்ணெய் திரளுமுன்னரே எடுத்துக் குடித்தால், தோற்பைக்கு ளுல்மு செய்தான் என்பர். அங்கே வாளுமில்லை, கொள்ளையுமில்லை. இடம் தவறிற்று, அவ்வளவே. வடமொழி வழி நாம் பெற்ற 'அக்கிரமம்' என்பதும் கிரமம் தவறியது என்றே பொருள்படும்.

கொடுங்கோலர்க்கும் கொள்ளையர்க்கும் மட்டுமே இச்சொல்லை ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாக உறங்குகிறோம். திருக்குர்ஆனோ (31:13) இணைவைத்தலையே மாபெரும் ளுல்மு என்கிறது. படைத்தவனுக்குரிய வணக்கம் இடம் மாறியது என்பதன்றி வேறென்ன காரணம்?

இனி மணப்பந்தலுக்கு வருவோம். மஹர் ஆண் பெண்ணுக்குத் தருவது (4:4). கைக்கூலியோ அதே பணத்தை எதிர்த்திசையில் ஓடச் செய்வது. இதைவிடத் தெளிவாக ஒரு பொருளை இடம் மாற்றி வைக்க எவராலும் இயலாது! மஹர் சில ஆயிரம், அதுவும் 'பிறகு'. கைக்கூலி இலட்சங்கள், அதுவும் நிக்காஹுக்கு முன். நாட்டுச் சட்டமும் 1961இலேயே இதைத் தடுத்தாயிற்று. "பெண் வீட்டார் விரும்பித்தானே தருகின்றனர்?" என்பர். தோற்பையும் மறுப்பேதும் சொல்லவில்லை. வீட்டை அடகு வைத்த தகப்பனின் விருப்பம் எத்தகையது என்பதைக் கேட்போர் அறிவர். பின்னர் அவர் மறைந்ததும், "அவளுக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று கூறி, அல்லாஹ் விதித்த பங்கையும் (4:11) உடன்பிறந்தார் நிறுத்திவைக்கின்றனர். ஒரு ளுல்மைக் காட்டி மற்றொரு ளுல்மு!

ஆலிம்களாகிய நாமும் தப்பவில்லை. கைமாறிய தொகையை நன்கறிந்தே அந்தச் சபையில் குத்பா ஓதுகிறோம். உறையைப் பெற்றுக்கொண்டு பிரியாணிக்கு அமர்கிறோம்.

பெரியவரிடம் அன்றே இவற்றைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நடந்தவர், "தேதி குறித்தாயிற்றே, ஹஜ்ரத்" என்றார். தேதிதான் குறித்தாயிற்று, பணம் இன்னும் கைமாறவில்லை.