மாட்டுங்கா எழுத்தரும் தாராவி தாதாவும்

மும்பைத் தமிழரைப் பற்றிய திரைப்படங்கள் குறித்து எழுத முற்படும் எவரும் 'நாயகன்' படத்தில் தொடங்கிக் 'காலா'வில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. நான் இன்று இலண்டனிலிருந்து தொடங்குகிறேன். பதிவு சற்று நீளமானது; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இலண்டனின் ஈலிங் படநிறுவனம் தயாரித்த நகைச்சுவைப் படங்களில் குற்றவாளியாக வருபவர் யார் என்பதைக் கவனியுங்கள். 1951இல் வெளிவந்த 'தி லாவெண்டர் ஹில் மாப்' படத்தில் தங்கக் கட்டிகளைத் திருடத் திட்டமிடுபவர், அவற்றைக் காவலுடன் கொண்டு சேர்க்கும் பணியைப் பல்லாண்டுகள் நேர்மையாகச் செய்துவந்த வங்கி எழுத்தர். அலெக் கின்னஸ் ஏற்ற அவ்வேடத்தில் தோற்றமோ பேச்சோ யாரையும் அச்சுறுத்துவதில்லை. திருடிய தங்கத்தை ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக வார்த்துப் பிரான்சுக்கு அனுப்புவதே அவர் வகுத்த தந்திரம். 1949இன் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' படத்தில் பிரபுப் பட்டத்திற்காக உறவினரை வரிசையாகக் கொல்பவன், நயமான பேச்சும் நாகரிகமும் உடையவன். 1955இன் 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில் இசைக்குழுவினர் என்று சொல்லிக்கொண்டு ஒரு மூதாட்டியின் வீட்டில் கூடும் ஐந்து கொள்ளையர், அந்த அம்மையாரின் தேநீர் உபசாரத்திலிருந்து தப்பிக்க வழியறியாது விழிக்கின்றனர்.

இப்படங்களின் சிரிப்புக்கு ஓர் அறம் உண்டு. குற்றம் செய்யும் ஆசை ஒரு குறிப்பிட்ட தெருவுக்கோ குலத்துக்கோ உரியதன்று. மதிப்பான வேலையும் ஒழுங்கான உடையும் உள்ளவனிடமும் அது உறங்கிக்கொண்டிருக்கிறது என்று அவை பார்வையாளருக்கு உணர்த்துகின்றன. திரையில் திருடுபவனைக் கண்டு சிரிப்பவர் ஓரளவு தம்மைக் கண்டே சிரிக்கிறார்.

இந்த அளவுகோலை மும்பைக்குக் கொண்டுவருவோம். இலண்டன் வங்கி எழுத்தருக்கு இணையானவர் இந்நகரத் தமிழரில் யார்? ஐயமின்றி மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியமர்ந்த தட்டச்சர், சுருக்கெழுத்தர், கணக்கர் ஆகியோரே. 1966இல் சிவசேனை தோன்றியபோது தென்னிந்தியர் மீது அது கொண்ட சினம், அலுவலக வேலைகளை இவர்கள் பறித்துக்கொண்டனர் என்ற குற்றச்சாட்டிலிருந்தே பிறந்தது. தாராவித் தமிழர் வந்த வழி வேறு. திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்களும், துறைமுகத்திலும் இரயில் நிலையத்திலும் சுமை தூக்கியவர்களும் அவர்கள். சாதியாலும் வகுப்பாலும் இவ்விரு குடியேற்றங்களுக்கும் இடையே இருந்த தொலைவு, இரு பகுதிகளுக்கும் இடையிலுள்ள சில நிமிட நடையைக் காட்டிலும் மிகப் பெரிது.

நம் திரைப்படங்கள் குற்றத்தை எங்கே குடியமர்த்தின? மாட்டுங்கா எழுத்தரை ஒரு கொள்ளைத் திட்டத்தின் நாயகராக எண்ணிப் பார்க்க நம் திரையுலகம் முன்வரவில்லை. 1968இன் 'படோசன்' படத்தில் மெஹமூத் ஏற்ற இசை ஆசிரியரைப் போல, உச்சரிப்புக்காக நகைக்கப்படும் பாத்திரங்களை இந்திப்படங்கள் படைத்தன. குற்றம் என்றதும் ஒளிப்பதிவுக் கருவி தாராவியை நோக்கித் திரும்பிவிடுகிறது.

1987இல் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்', தூத்துக்குடியிலிருந்து வந்து சுமைகூலியாகத் தொடங்கி, மதுவிலக்குக் கால மும்பையில் கள்ளச்சாராயத்தாலும் கடத்தலாலும் வளர்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்விலிருந்து ஊக்கம் பெற்றது. அது மகத்தான படம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கமல்ஹாசனின் நடிப்பும், பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும், தாராவியைச் சென்னை அரங்கில் எழுப்பிய தோட்டா தரணியின் கலையும் தேசிய விருது பெற்றன. ஏளனத்துக்கும் தாக்குதலுக்கும் ஆளான ஒரு சமூகத்திற்கு, தலைநிமிர்ந்து நிற்கும் தமிழன் ஒருவனைத் திரையில் கண்டது எத்தகைய ஆறுதலை அளித்திருக்கும் என்பதையும் மறுக்கவியலாது. வரதராஜ முதலியார் மாட்டுங்கா இரயில் நிலையத்தருகே நடத்திய விநாயகர் சதுர்த்திப் பந்தலுக்குத் திரண்ட கூட்டமும் அந்த ஆறுதலைத் தேடியே வந்தது.

ஆயினும் அந்தப் பெருமைக்கு ஒரு விலை இருந்தது. காவியத் தலைவனுக்கு ஒரு நாடு தேவை. அந்த நாடாகத் தாராவி ஆக்கப்பட்டது. தலைவன் தாதா என்றால் குடிகள் யார்? அவனை மறைத்து வைப்பவர்கள், அவனிடம் நீதி கேட்பவர்கள், அவனுக்காகக் காவல்துறையை எதிர்ப்பவர்கள். மட்பாண்டம் வனைவோரும், தோல் தைப்போரும், இட்லி அவித்து விற்போரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப விடியலில் தண்ணீர் பிடிப்போரும் ஒருவனுடைய கதையின் பின்னணியாயினர். தாராவி முகவரியை வேலை விண்ணப்பத்தில் எழுதத் தயங்கும் இளைஞர் இன்றும் உள்ளனர். அத்தயக்கத்திற்குத் திரைப்படம் மட்டுமே காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால் அதற்கு முகமும் இசையும் கொடுத்ததில் திரைக்குப் பங்குண்டு.

நகைச்சுவைக் குற்றவாளிகள் நமக்கு அயலானவர்கள் அல்லர் என்று நண்பர்கள் சுட்டக்கூடும். உண்மைதான். 2003இன் 'முன்னா பாய் எம்.பி.பி.எஸ்.' ஒரு மும்பை ரவுடியை அன்புக்குரியவனாக்கியது. தமிழில் 'தலைநகரம்' படத்தில் வடிவேலு, ரவுடி என்ற பட்டத்திற்கே ஏங்கும் மனிதனைக் காட்டி, வீரத்தின் மீது கட்டப்பட்ட மாயையைச் சிரிப்பாலேயே கலைத்தார். 2013இன் 'சூது கவ்வும்' படத்தில் ஆட்கடத்தலுக்கு விதிமுறை வகுத்துக்கொண்டு செயல்படுபவனோடு, கடத்தப்பட்டவனே கூட்டுச் சேர்கிறான். முன்னாவின் பிழைக்காக எந்தச் சமூகமும் விளக்கம் தர வேண்டியிருக்கவில்லை என்பதே இங்கு முக்கியம். சிரிப்பு குற்றவாளியைத் தனிமனிதன் ஆக்குகிறது. காவியம் அவனை ஒரு கூட்டத்தின் பிரதிநிதி ஆக்குகிறது. மும்பைத் தமிழனுக்கு நம் திரை பெரும்பாலும் இரண்டாவதையே வழங்கியது.

நகைச்சுவையின் குறையையும் மறைக்கலாகாது. ஈலிங் படங்களில் பெரும்பாலும் இழப்பு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ ஆகிறது. அழுவோர் எவரும் கண்ணில் படுவதில்லை. கள்ளச்சாராயத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு அந்த இலகுவான சிரிப்பு நியாயம் செய்யாது. ஆகவே தாதாக்களையெல்லாம் கோமாளிகளாக்க வேண்டும் என்பது என் கோரிக்கையன்று. குற்றத்திற்கு உரிய முகவரிகளை நேர்மையாகப் பங்கிட வேண்டும் என்பதே கோரிக்கை. 1992இல் வெளிப்பட்ட ஹர்ஷத் மேத்தா பங்குச்சந்தை ஊழல் சுமார் 4000 கோடி ரூபாய் அளவினது என மதிப்பிடப்பட்டது. அது இதே நகரத்தில் வங்கி இரசீதுகளைக் கொண்டு, குளிரூட்டிய அறைகளில் நிகழ்ந்தது. அதன்பின் எந்த வட்டாரத்தின் இளைஞரும் வேலைக்கான நேர்காணலில் ஐயத்துடன் பார்க்கப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

2018இல் பா. இரஞ்சித்தின் 'காலா' இப்பங்கீட்டைக் கேள்விக்குள்ளாக்கியது. நிலத்தைப் பறிப்பவன் வெள்ளுடையில், தூய்மையின் பெயரால் வருகிறான். அப்படமும் தாராவிக்கு ஒரு பெருந்தலைவனைக் கற்பித்தது என்றாலும், குற்றம் எது என்ற வினாவை இடம் மாற்றி வைத்தது அதன் சாதனை.

இவ்வினா இன்று வெறும் திரைப்பட விவாதமாக நிற்கவில்லை. 2022 இறுதியில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. வீடு வீடாகக் கணக்கெடுப்பும் தொடங்கியது. யார் தகுதியுடையவர், யார் தகுதியற்றவர் என்று பிரிக்கும் பட்டியல்களில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. தகுதியற்றோர் என்ற சொல்லைக் கேட்கும் பொதுமக்களின் மனத்தில் அரை நூற்றாண்டுத் திரைப்பிம்பங்கள் எழுமாயின், அக்குடும்பத்திற்காகக் குரல் கொடுப்போர் குறைவாகவே இருப்பர்.

தமிழ்த் திரைக்கதை எழுதும் இளம் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாட்டுங்காவில் வாழும், முப்பதாண்டுப் பணி முடித்து ஓய்வுபெறவிருக்கும், நெற்றியில் திருநீறு துலங்கும் வங்கி அதிகாரி ஒருவரைக் கொள்ளைக்காரராக வைத்து ஒரு நகைச்சுவைப் படம் எழுதுங்கள். அவரைப் பிடிக்கும் கூர்மதி கொண்ட காவல் ஆய்வாளராகத் தாராவியில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் இருக்கட்டும். அப்படத்தைக் கண்டு யார் சிரிக்கின்றனர், யார் முகம் சுளிக்கின்றனர் என்பதைக் கொண்டு நம் சமூகத்தைப் பற்றி நிறைய அறிந்துகொள்ளலாம். மாற்றுக் கருத்துடையோர் பின்னூட்டத்தில் எழுதுக, உரையாடுவோம்.