அந்த ஒரு கிளிக்கை வாசகனிடமே திருப்பிக் கொடுங்கள்!

2021 ஜூலை மாதம். வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் மேகசின், ஹஃப்போஸ்ட் என்று பெரிய பெரிய தளங்களின் பழைய செய்திகளைத் திறந்தவர்களுக்கு ஒரே அதிர்ச்சி. செய்திக்கு நடுவில் வீடியோ இருக்க வேண்டிய பெட்டியில் ஆபாசப் படம்! அந்தத் தளங்களை யாரும் ஹேக் செய்யவில்லை. பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. விட்மீ என்றொரு வீடியோ தளம் 2017 டிசம்பரில் கடையை மூடிவிட்டுப் போனது. பிற்பாடு அதன் முகவரியை ஓர் ஆபாசத் தளம் வாங்கிப் போட்டது. அவ்வளவுதான் நடந்தது.

பக்கம் பத்திரிகையுடையது, பெயர் பத்திரிகையுடையது, கெட்ட பேரும் பத்திரிகைக்குத்தான். ஆனால் பெட்டிக்குள் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்தது யாரோ ஒருவர்!

வீடியோவை ஒரு பக்கத்தில் பதிக்கிறோம் என்கிறோம். உண்மையில் வீடியோ அங்கே வந்து உட்காருவதில்லை. பதிவது ஒரு முகவரி மட்டுமே. ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் வாசகனின் உலாவி அந்த முகவரிக்கு ஓடிப்போய் பிளேயரை வாங்கி வருகிறது. ஐஃப்ரேம் வழியாக வந்தால் அந்த பிளேயர் தன் பெட்டிக்குள் மட்டும் ஆடும். 'இந்த ஒரு வரியை ஒட்டுங்கள், போதும்' என்று தருகிறார்களே ஸ்கிரிப்ட், அது இன்னும் மோசம். அது திண்ணையோடு நிற்கிற விருந்தாளி அல்ல, சாவிக்கொத்தோடு அடுப்படி வரை நடமாடுகிற ஆள். வாசகன் பெட்டியில் தட்டுவதைப் படிக்கலாம், பக்கத்தில் எழுதியதை மாற்றலாம், தன் கூட்டாளிகளையும் கூட்டி வரலாம். பாலிஃபில் என்ற ஸ்கிரிப்டின் முகவரி 2024-ல் கைமாறியபோது அதை ஒட்டி வைத்திருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தத் தளங்களுக்குப் போன சிலர் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பி விடப்பட்டார்கள். அது வீடியோ ஸ்கிரிப்ட் அல்லதான். ஆனால் ஒட்டிய முறை ஒன்றே.

சரி, பிளேயரை ஸ்கிரிப்ட் வைத்து ஏற்றும் பழக்கம் இவ்வளவு பரவியது எப்படி? அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது.

பக்கத்துக்குள்ளேயே பிளேயர் மாதிரியான நிரல்களை இயக்கும் முறைக்குக் காப்புரிமை தங்களிடம் இருக்கிறது என்று இயோலாஸ் என்ற நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. 2003-ல் ஜூரி விதித்த இழப்பீடு சுமார் 52 கோடி டாலர்! அதிலிருந்து தப்பிக்க மைக்ரோசாஃப்ட் 2006-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மாற்றியது. ஃபிளாஷ் பிளேயர் திரையில் தெரியும், ஆனால் ஒருமுறை கிளிக் செய்தால்தான் உயிர் வரும். இதில் ஒரு சந்து இருந்தது. வெளியே தனிக் கோப்பில் உள்ள ஸ்கிரிப்ட் வழியாக பிளேயரை ஏற்றினால் அந்தக் கிளிக் தேவையில்லை. விடுவார்களா? 'வாசகனுக்கு ஒரு கிளிக் தொல்லையா!' என்று உலகம் முழுக்க ஸ்கிரிப்டை வெட்டி ஒட்டினார்கள்.

2007-ல் இரு தரப்பும் சமரசம் ஆனது. 2008-ல் அந்தக் கிளிக் கட்டுப்பாடு நீங்கியது. 2012-ல் டெக்சாஸில் ஒரு ஜூரி அந்தக் காப்புரிமையே செல்லாது என்று சொல்லிவிட்டது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷும் போய்ச் சேர்ந்தது. காரணம் எல்லாம் செத்தாச்சு, பழக்கம் மட்டும் சாகவில்லை! இன்று எந்த உலாவியிலும் வீடியோ டேக் ஒன்றே போதும், ஸ்கிரிப்ட் இல்லாமல் படம் ஓடும். அப்படியும் ஒட்டுகிறார்கள்.

ஒட்டுபவர்கள் சொல்லும் சமாதானங்கள் மூன்று.

ஒன்று, 'டேட்டாதான் மலிவாச்சே'. வந்து சேரும் சில நூறு கிலோபைட் ஜாவாஸ்கிரிப்டைப் பிரித்துப் படித்து ஓட்டுவது வாசகனின் போன். விலை குறைந்த போனில் பக்கம் திணறுவது அதனால்தான். அதுவும் வீடியோவைப் பார்க்கவே பார்க்காத ஆளுக்கு!

இரண்டு, 'ஏசிங்க் போட்டாச்சு'. ஏசிங்க் போட்டால் மற்ற வேலைகளை நிறுத்தாமல் ஸ்கிரிப்ட் இறங்கும், அவ்வளவே. அதன் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. வேவு பார்ப்பதும் நிற்காது.

மூன்று, 'வேவு பார்ப்பது அவர்கள், பழி எங்களுக்கா?' ஆமாம், உங்களுக்கும்தான். ஒரு துணிக்கடைத் தளம் பதித்திருந்த ஃபேஸ்புக் லைக் பொத்தான் பற்றிய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. வாசகனின் தகவலைத் திரட்டி அங்கே அனுப்புவதில் பொத்தானைப் பதித்தவருக்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு. அழைத்து வந்தவர் 'யாரோ வந்தார்' என்று கைவிரிக்க முடியாது.

வழி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. சொந்த வீடியோ என்றால் வீடியோ டேக் போட்டு, பிரீலோடை அணைத்து, முகப்புப் படம் ஒன்றை வைத்துவிடலாம். யூடியூப் வீடியோ என்றால், முதலில் ஒரு படமும் அதன் மேல் ஒரு பிளே பொத்தானும் மட்டும். படத்தையும் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொண்டால் நல்லது. வாசகன் அழுத்திய பிறகுதான் பிளேயர் வர வேண்டும். லைட் யூடியூப் எம்பெட் என்ற திறமூல நிரல் இப்படித்தான் வேலை செய்கிறது. சில கைபேசி உலாவிகளில் இரண்டு முறை அழுத்த வேண்டி வரலாம், உண்மைதான். அதனால் யார் குடி முழுகிவிடும்?

2006-ல் எல்லோரும் சேர்ந்து விரட்டிய அதே கிளிக் இது! அன்று அது வக்கீல்கள் வாசகன் தலையில் கட்டிய தொல்லை. இன்று அதுவே அவன் கையில் இருக்க வேண்டிய உரிமை. 'பார்க்கிறேன், கொண்டு வா' என்று அவன் சொல்வதற்கு இருக்கும் வழி அது ஒன்றுதான்.

அடுத்த துறை விழாவுக்குத் தளம் கட்டப்போகும் மக்களே, ஒட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. இந்த முகவரி பத்து வருடம் கழித்து யார் கையில் இருக்கும் என்று தெரியுமா? தெரியாதென்றால் அந்தச் சாவிக்கொத்தைக் கொடுக்காதீர்கள்!