சூரபன்மனும் சித்திரக்கதைப் பகைவரும்

வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலை அண்டி வாழ்வோர்க்குச் சூரபன்மனை யாரும் அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. ஆனால் இன்று அவ்வூர் மாணவனை நிறுத்திக் கேட்டால், சூரனினும் தானோஸ் என்பானைப் பற்றியே அவன் விரிவாகப் பேசக்கூடும். இதற்கு முகஞ் சுளிக்கும் ஆசிரியர் உளர். நடக்கவொண்ணாதவற்றைக் கூறும் சித்திரக்கதைகள் பிள்ளைகளின் அறிவைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி. கந்தபுராணத்தைக் கோயில்தோறும் படித்துப் பயன் சொல்லி வந்த நாட்டினர் இவ்வாறு வாதிடுவது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

நடக்கவொண்ணாதது நடப்பது கதைக்குக் குற்றமன்று. தான் வகுத்த விதியைத் தானே மறப்பதுதான் குற்றம்.

சூரன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் பெற்றவன். சிவனது சக்தியன்றிப் பிறிதொன்றால் அவனுக்கு அழிவில்லை. கச்சியப்ப சிவாசாரியார் இந்நிபந்தனையைப் போர் மூளுமுன்னரே நம் கையில் தந்துவிடுகிறார். ஆகவேதான் இந்திரனும் பிறரும் தோற்கின்றனர். ஆகவேதான் நெற்றிக்கண்ணினின்று ஒரு குமரன் தோன்ற வேண்டியிருக்கிறது. கடலிடை மாமரமாய் நின்றவனை வேல் பிளந்தபோது வரம் பொய்க்கவில்லை. வரத்தின் சொற்படியே முடிவு வந்தது.

மேனாட்டார் இந்தக் கணக்கிற் பலகால் வழுக்கினர். 1938இல் தோன்றிய சூப்பர்மேன் முதலிற் பறந்தவனல்லன்; உயரத் தாவினான், அவ்வளவே. பின்னர் பறந்தான், கோள்களையே நகர்த்தினான். அவனுக்கு ஈடான பகைவன் எங்கே கிடைப்பான்? வானொலி நாடகத்தில் 1943இல் வந்த கிரிப்டோனைட் என்னும் கல் 1949இல் சித்திரக்கதையிலும் புகுந்தது. 1986இல் ஜான் பைர்ன் அவன் வலிமையைக் குறைத்தே கதையைப் புதிதாய்த் தொடங்கினார்.

நம்மவர்க்கு வாய்த்த இரும்புக்கை மாயாவி இவ்வகையில் மேலானவன். 1962இல் இங்கிலாந்தில் பிறந்து, 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் வழியே தமிழ் பேசத் தொடங்கியவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது. மறைந்தும் மறையாத அந்தக் கையிலேதான் கதையின் உயிர் இருக்கிறது.

இனித் தானோசுக்கு வருவோம். 2018இல் வந்த திரைப்படத்தில் அவன் விரலைச் சொடுக்கி அண்டத்து உயிர்களிற் பாதியை அழிக்கிறான். உயிர் மிகுந்து வளம் போதவில்லையாம்! அத்துணை ஆற்றலுடையான் வளத்தை இருமடங்காக்கியிருக்கலாமே என்று எந்த மாணவனும் கேட்பான்; படத்தில் அதற்குத் தக்க விடையில்லை. 1991ஆம் ஆண்டுச் சித்திரக்கதையிலோ அவன் மரண தேவியின் காதலைப் பெறவே இக்கொலையைச் செய்கிறான். பித்துப் பிடித்த காரணந்தான். ஆயினும் செயலோடு பொருந்துகிறது.

வலிமையைக் கூட்டுவது எழுதுவோனுக்கு எளிது. மனத்தை அமைப்பதே அரிது. தேவரைச் சிறைவிடு என்று சூரனிடம் எடுத்துரைப்பவன் பகைவனல்லன், உடன்பிறந்த சிங்கமுகன். அண்ணன் கேளானென்று கண்டபின் அவனுக்காகவே போரிற் புகுந்து மடிகிறான். முருகனது பேருருவைக் கண்ட சூரனும் ஒரு கணம் நெகிழ்கிறான். உடனே பழைய செருக்கு மேலெழுகிறது. எத்தனையோ சித்திரக்கதைப் பகைவரைப் பார்த்துவிட்டேன். அண்டங்களை நொறுக்க அவர்க்குத் தெரிகிறது. அந்த ஒரு கணம் நெகிழ்வதற்குத் தெரிந்தவர் மிகச் சிலரே.