மொழி படிக்கப் போகும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

பிளஸ் டூ தேர்வு நெருங்கினால் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: பொறியியலா, மருத்துவமா, சி.ஏ.வா? நடுவில் ஒரு பெண் "நான் ஜப்பானிய மொழி படிக்கிறேன்" என்றால் வீடே அமைதியாகிவிடுகிறது. "மொழி படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது, "எங்கே படிக்கப் போகிறாய்?" என்பது. வேலை பெரும்பாலும் அதைப் பொறுத்ததே என்பது என் கருத்து.

இரயில்வே பணிமனையில் ஒரு பெட்டியைச் சோதிக்கும்போது பெயின்ட்டைப் பார்த்து மயங்கமாட்டோம். பிரேக்கையும் சக்கரத்தையும் பார்ப்போம். கல்லூரிக்கும் அதேதான். 'அயல்மொழிகள் கற்பிக்கப்படும்' என்ற விளம்பரம் வெறும் பெயின்ட்.

முதலில், அது தனிப் பட்டப்படிப்பா, வேறு படிப்போடு ஒட்டவைத்த ஒரு தாளா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பையனைத் தனியார் கல்லூரி ஒன்றில் சேர்த்தார்கள். ஜெர்மன் வகுப்பு வாரம் இரண்டே மணி. பகுதிநேர ஆசிரியர் பாதியில் போய்விட்டார். மூன்றாண்டு முடிவில் அவனுக்குத் தன் பெயரையும் ஊரையும் சொல்ல மட்டுமே தெரிந்தது. செலவான பணமோ லட்சக்கணக்கில்.

இரண்டாவது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? மூன்றாவது, படிப்பு முடியும்போது மாணவர் எந்த நிலையில் இருப்பார்? ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உண்டு. ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 முதல் என்1 வரை ஐந்து. ஏ1, என்5 இரண்டும் முதல் படிக்கட்டு மட்டுமே. பி2 அல்லது என்2 அளவுக்குக் கொண்டுபோகும் துறையைத் தேடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களை நம்மவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஸ்பானிஷ், சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றில் பி.ஏ. ஆனர்ஸ் உண்டு. அகரம்கூடத் தெரியாதவரும் சேரலாம். கட்டணம் மிகக் குறைவு. 1965இல் ரஷ்ய மொழிக்கென்று தொடங்கிய நிறுவனம் பின்னர் அதில் இணைந்தது. ஹைதராபாத்தில் 1958இல் ஆங்கிலத்துக்கென்று தொடங்கிய நிறுவனம், 2007 முதல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகளுக்கான மத்தியப் பல்கலைக்கழகம். சாந்திநிகேதனில் சீன பவனம் 1937லேயே தாகூர் காலத்தில் எழுந்தது. இத்தகைய மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலை இடங்களுக்கு 2022 முதல் சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. எனவே பிளஸ் டூ படிக்கும்போதே தயாராக வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் உண்டு. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் கொரியத்திலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். உருபுகள் பெயருக்குப் பின்னே வரும். தமிழை எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த இலக்கணம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஜப்பானிய அரசு பொதுப் பயன்பாட்டுக்கு வகுத்த சித்திர எழுத்துகள் மட்டும் 2,136. அதற்கு உழைப்புதான் வழி.

இனி வேலை. கைப்பேசியே மொழிபெயர்க்கும் காலம் இது. அரைகுறையாகப் படித்தவருக்கு இனி இடமில்லை. இயந்திரத்தின் பிழையைக் கண்டுபிடிக்கும் அளவு தெரிந்தவருக்கே மதிப்பு. அதோடு கணக்கியல், சட்டம், கணினி என்று இன்னொன்றும் தெரிந்தால் கம்பெனிகளில் வழி பிறக்கும். ஆசிரியர் பணி, மொழிபெயர்ப்பு, தூதரக வேலை ஆகியவையும் உண்டு.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையின் ஆசையை ஒரே சொல்லில் தள்ளிவிடாதீர்கள். விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். நேரில் போய், கடைசி ஆண்டு மாணவர் ஒருவரை அந்த மொழியில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். உங்களுக்கு மொழி புரியாவிட்டாலும், அவர் தடுமாறுகிறாரா இல்லையா என்பது புரியும்.