குப்பை யாருடையது, கை யாருடையது?

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை வந்தால் போதும், கடலோரத் தூய்மை நாள். சென்னைக் கடற்கரை நெடுகக் கையுறை போட்ட மாணவர்கள், நிறுவனச் சின்னம் அச்சிட்ட பனியன்கள், பதாகைகள், செல்ஃபிகள். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கட்டிவைத்த மூட்டைகளை அதன்பிறகு வண்டியில் ஏற்றுவது யார்? வண்டி போய்ச் சேருவது எங்கே? இந்தக் கேள்விகளை அங்கே யாரும் கேட்பதில்லை.

ஏற்றுபவர் தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் தலித், வரவர ஒப்பந்தக் கூலி. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தவர்கள் இவர்கள்தான். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். கடலை நேசிக்கும் பனியன்களில் எத்தனை அங்கே வந்தன? வடசென்னையின் குப்பை வண்டி போய்ச் சேருவது கொடுங்கையூருக்கு. அதாவது, உழைக்கும் மக்களின் வீட்டு வாசலுக்கு.

அடுத்து, மீனவர்கள்தான் கடற்கரையை நாசம் செய்கிறார்கள் என்ற பேச்சு. கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் சுமந்துவருவது யார் வீட்டுக் குப்பை? மழைக்காலம் வந்தால் நகரம் தூக்கியெறிந்ததெல்லாம் முகத்துவாரத்தில் வந்து நிற்கிறது. கிழிந்த நைலான் வலை கடலில் விழுவதும் உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பருத்தி வலையை ஒழித்து நைலானைக் கொண்டுவந்தது மீன்வள நவீனமயம். பழைய வலையை விலை கொடுத்துத் திரும்ப வாங்கும் பொறுப்பை மட்டும் விற்றவர் தலையில் யாரும் வைக்கவில்லை.

'மீனவ சமுதாயம்' என்று ஒற்றைச் சொல்லில் பேசுவதும் நமக்கு ஆகாது. பழவேற்காடு ஏரியில் யார் எங்கே, எந்த நாளில் வலை வீசலாம் என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. அந்தப் பாட்டில் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் இடமில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பெண்கள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். படகு இல்லை, வலை இல்லை, வெறுங்கைதான் கருவி. சேற்றில் புதைந்த பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் முதலில் குத்துவது அந்தக் கையை. பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டத்துக்கு ஊர்த் தலைவரை அழைப்பவர்கள் இவர்களை அழைப்பதில்லை. பாட்டில் இடமில்லாதவருக்குக் கூட்டத்திலும் இடமில்லை என்றால் அந்தக் கூட்டமும் சாதியைத்தான் காப்பாற்றுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளருக்கும் பொறுப்பு உண்டு என்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது. அபராதம் கட்டுவதோ பெட்டிக்கடையும் தள்ளுவண்டியும். ஒன்றிய அரசு 2022 ஜூலையில் தடை செய்த பட்டியலில் காது குடையும் குச்சி இருக்கிறது, ஸ்ட்ரா இருக்கிறது. ஷாம்பு பாக்கெட் இல்லை, சிப்ஸ் உறை இல்லை. அந்த உறைகளைப் பொறுக்கினாலும் காயலான் கடையில் காசு கிடைக்காது. லாபம் கம்பெனிக்கு, குப்பை நமக்கு, கையோ தலித்தின் கை. இந்த நாட்டில் 'தூய்மை' என்ற சொல்லுக்கு எப்போதும் இதுதான் பொருள்.

தோழர்களே, கடற்கரைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள். பொறுக்கிய உறைகளைக் கம்பெனி வாரியாக எண்ணிப் பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்து, அள்ளும் செலவைச் செய்தவரிடம் வசூலிக்கச் சொல்லுங்கள். தூய்மைப் பணியாளருக்கு நிரந்தர வேலை, குப்பை பொறுக்குபவருக்கு அடையாள அட்டையும் நியாய விலையும், கழிமுகம் பற்றிய எந்த முடிவிலும் தலித், இருளர் பெண்களுக்கு இருக்கை. இவற்றைக் கேட்காத சுற்றுச்சூழல் இயக்கம் மணலைச் சுத்தம் செய்யலாம். சமூகத்தின் அழுக்கை அது தொடக்கூட இல்லை.